திறந்த ஷட்டரும் திரும்பும் அலையும்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மகிடாசுரமர்த்தினிச் சிற்பம் செதுக்கப்பட்ட பாறையை அலை தொட்டுத் திரும்பும் மணற்பகுதி, நீரோட்டத்தைப் படமாக்கும் ஒளிப்படக் கலைஞர்கள் விடியலுக்கு முன்பே வந்து நிற்கும் இடங்களுள் ஒன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கோயில் வளாகத்திற்குள் டிரைபாட் எனப்படும் முக்காலியை நிறுத்த முன் அனுமதி வேண்டும் என்பதாலும், ஆண்டின் பல மாதங்களில் வளாகம் திறப்பதற்குள் கீழ்வானின் நிறம் வெளுத்துவிடும் என்பதாலும், அவர்களுக்கு வெளிமணலே களமாகிறது.

அவர்கள் கையாளும் முறை லாங் எக்ஸ்போஷர் எனப்படும். காமிராவின் ஷட்டரை நொடியின் சிறு பின்னத்தில் திறந்து மூடிவிடாமல், சில நொடிகளோ நிமிடங்களோ திறந்து வைத்து, அசையாத பாறையைக் கூர்மையாகவும் அசையும் நீரை அதன் தடமாகவும் பதியவிடுவதே இம்முறை. இருள் பிரியாத நேரத்தில் இதற்குத் தனிக்கருவி வேண்டியதில்லை. வெளிச்சம் ஏறியபின் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளிறிப்போகும் ஆதலால், லென்ஸின் முன் என்.டி. ஃபில்டர் என்ற சாம்பல் நிறக் கண்ணாடி பொருத்தப்படுகிறது. நிறத்தை மாற்றாமல் ஒளியின் அளவை மட்டும் குறைப்பது இதன் பணியாயினும், மலிவான கண்ணாடிகள் அகச்சிவப்புக் கதிர்களைச் சரிவரத் தடுக்காமல் படத்தில் செம்மை படரச் செய்வதும் உண்டு. குறைப்பின் அளவு ‘ஸ்டாப்’ என்ற அலகால் சொல்லப்படுகிறது. ஒரு ஸ்டாப் ஒளியைப் பாதியாக்கும், ஆறு ஸ்டாப் 64இல் ஒரு பங்காக்கும், பத்து ஸ்டாப் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். ஃபில்டரின்றி 1/30 நொடி போதுமான காட்சிக்குப் பத்து ஸ்டாப் கண்ணாடியுடன் ஏறக்குறைய 34 நொடி தேவைப்படுகிறது. பெரும்பாலான காமிராக்கள் தாமாக எண்ணுவது 30 நொடி வரை மட்டுமே. அதற்கு மேல், விரும்பும்வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் ‘பல்ப்’ முறைக்கு மாறி, காமிராவைத் தொட்டு அசைக்காதபடி கேபிள் ரிலீஸ் என்னும் தனி விசையால் இயக்குகின்றனர்.

பத்து ஸ்டாப் கண்ணாடி வழியே கண்ணுக்கு எதுவும் தெளிவாகப் புலப்படாததால், சட்டகத்தை அமைத்து ஃபோகஸ் செய்து, அது மாறாதபடி பூட்டிய பின்னரே ஃபில்டர் மாட்டப்படுகிறது. ஆனால் களத்தில் பெருஞ்சிக்கல் தருவது கண்ணாடியன்று, மணல். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது முக்காலியின் காலடியை அரித்துச் செல்வதால், கால்களை ஈரமணலில் ஆழ அழுத்தி, ஓரிரு அலைகளை வீணே போகவிட்டு, கருவி படிந்து நின்றதென உறுதியான பின்பே பழகிய கை விசையை அழுத்துகிறது. அந்நேரத்தில் அதே கரையில், சுற்றுலாக் குடும்பங்களை அலைமுன் நிறுத்தி ஒரு நொடியில் படமெடுத்து அச்சிட்டுத் தரும் ஒளிப்படக்காரர்கள் இவர்களை வியப்போடு பார்ப்பதில் வியப்பில்லை.

நீரைக் கலங்கவிடும் இவ்விருப்பம் வரலாற்றில் தலைகீழாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் மந்தமான தட்டுகளில் கலைஞர் விரும்பாமலேயே நீர் கலங்கிப் பதிந்தது. 1856–57 காலத்தில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே எடுத்த கடற்படங்கள் அலையை நிறுத்திக் காட்டியதற்காகவே பாராட்டப்பட்டன. வானின் ஒளியும் கடலின் ஒளியும் ஒரே தட்டில் அடங்காதபோது அவர் இரண்டு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டதுண்டு. அவ்வேலையை இன்று, மேற்பாதி மட்டும் கருமை ஏற்றப்பட்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் செய்கிறது. நீர் கலங்கிப் பதிந்த அன்றைய குறையை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது சற்று வேடிக்கையே.

எனினும் எவ்வளவு நேரம் என்பதில்தான் கலைஞரின் தேர்வு வெளிப்படுகிறது. இரண்டு நிமிடம் திறந்தால் வங்கக் கடல் வெறும் பனிமூட்டமாகி, படத்திலிருப்பது கடலா ஏரியா என்றே தெரியாமல் போகிறது. இணையத்தில் குவிந்திருக்கும் பால்வண்ண நீர்ப்படங்களில் பெரும்பாலானவை எந்த ஊருக்கும் உரியனவல்ல. சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே என்பதால், பாறையைச் சுற்றி நீர் கொள்ளும் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அலையே. ஆகவே அலை ஏறும்போதன்றி இறங்கும்போது, அரை நொடி முதல் ஒரு நொடி வரை, மூன்று அல்லது ஆறு ஸ்டாப் கண்ணாடியுடன் திறந்தால், பாறையின் பிளவுகளிலிருந்து வழியும் நீர் இழை இழையாகப் பிரிந்து, அதன் வேகமும் திசையும் படத்தில் தங்குகின்றன.

படமெடுப்பு முடிந்தபின் உப்போடு போராட்டம். உப்புத்துளி படிந்த ஃபில்டரை உலர்ந்த துணியால் தேய்த்தால் மணற்பொடி கீறிவிடும் என்பதால் முதலில் நன்னீரில் அலசுகின்றனர். முக்காலியின் கால்களைப் பூட்டு பூட்டாகக் கழற்றி, கழுவி, நிழலில் உலர்த்துகின்றனர்.