காற்று எந்தப் பக்கம்?

நீரிழிவின் தொடக்கம் என்று மருத்துவர் எச்சரித்தபின், அண்ணனும் தம்பியுமாக நாங்கள் இருவரும் வைகறையில் ஓடத் தொடங்கினோம். வார நாட்களில் இராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவில் சாலை. சனிக்கிழமைகளில், தமக்கையார் வீடு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புச் சாலை. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை நோக்கிச் செல்பவை. எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்பதே அன்று எங்கள் கவலை.

ஒரு நாள் வியர்வையோடு வீடு திரும்பியபோது, கட்டிலில் கிடந்த தந்தையார் கேட்டார்: "காத்து எந்தப் பக்கமிருந்துப்பா அடிக்குது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் அந்தக் காற்றிலேயே ஓடியிருந்தும் விடை தெரியவில்லை. 40 ஆண்டுகள் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து உழைத்தவர் அவர். பக்கவாதத்தால் ஈராண்டுகளாக வாசலையும் காணாதவர். அவர் முகத்தில் படர்ந்த ஏமாற்றம் எங்களைச் சுட்டது.

மறுநாள் முதல் அவருக்காகக் கண்விழித்து ஓடினோம். ஆடியில் மலையை நோக்கி ஓடுகையில் காற்று முகத்தில் அறைகிறது. தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. முகடுகளில் முகில் கவிந்திருக்க, நமக்குக் காற்றும் சிறு சாரலுமே மிச்சம். ஐப்பசியிலோ அதே சாலையில் காற்று முதுகைத் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவம் அனுப்பும் முதல் செய்தி அது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். எங்கள் கண்மாய்கள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில்தான்.

திரும்பும் வழி கிழக்கு நோக்கியது. மார்கழியில் கதிரவன் எங்கள் வலப்புறமாக எழுகிறான், ஆனியில் இடப்புறமாக. வைகாசியில் 6 மணியளவில் எழுபவன், தையில் 6.40 வரை காக்க வைக்கிறான். தையிலும் மாசியிலும் மாம்பூவின் மணம் சாலையை நிறைக்கிறது. பங்குனியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. சித்திரையில் வேப்பம்பூ காலடியில் உதிர்கிறது.

செண்பகத்தோப்பை அடுத்த மலைக்காடு, சாம்பல் நிற அணிலுக்கென 1988இல் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மாவும் புளியும் செறிந்த ஓடைக்கரையில் அந்தப் பெரிய அணில் கிளைக்குக் கிளை தாவியதைச் சொன்ன அன்று, தந்தையார் குழந்தையைப் போலச் சிரித்தார்.

நாங்கள் செய்தி சொன்னோம். பொருள் சொன்னவர் அவரே. "பூ நிறைய வந்திருக்கிறது" என்று நாங்கள் மகிழ்ந்தால், "பனி மூட்டம் இருக்கா?" என்பார். மூட்டம் நீடித்தால் பூ கருகும், குத்தகைக்காரன் கடனாளியாவான் என்பதை அப்போதுதான் அறிந்தோம். எங்களுக்கு அழகாய்த் தெரிந்த பனிக்குள் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கார்த்திகை. இரண்டு ஆண்டு வறட்சிக்குப்பின் பெருமழை. "கண்மாய் மறுகால் பாயுதுப்பா" என்றோம். கண்களை மூடிக்கொண்டு, "சத்தம் கேக்குதுடா" என்றார். கண்மாய் இருப்பதோ வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். அவ்வாரமே ஆண்டவரில் துயில்கொண்டார்.

இன்று அந்தக் கட்டில் இருந்த இடத்தில் எங்கள் பிள்ளைகளின் படிப்பு மேசை இருக்கிறது. ஓடிவிட்டு வந்து நாங்கள் அவர்களைக் கேட்கிறோம்: "காத்து எந்தப் பக்கம்?" விடை தெரியாதபோது வாசலுக்கு ஓடிச் சென்று, கையை நீட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் வாசலைத் தாண்ட இயலாத முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். மருந்தும் உணவும் தவறாமல் கொடுக்கிறோம், நல்லதே. நாளைக் காலை வெளியே சென்று வரும்போது, காற்றையும் வானத்தையும் பற்றிய ஒரு சொல்லையும் அவருக்குக் கொண்டு வருவோமாக.