பசை காய்ச்சுகிற நேரம்



பொங்கலன்று நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "சார், பேரனுக்கா பொம்மை ரயில்?" என்று சிலர். "பெரியப்பா, எவ்வளவு செலவாச்சு?" என்று சிலர். தங்கை மகன் ஒருவன் மட்டும், "இதனால என்ன பிரயோஜனம் மாமா?" என்று நேராகவே கேட்டுவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பெஞ்ச்காரர்களும் முழுதாகப் படிக்க வேண்டும்.

அது பேரனுடைய ரயில் இல்லை, என்னுடையது. பின்னறையில் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு அடி நீளம், இரண்டடி அகலம். ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலும், கரியை வேகனில் கொட்டும் கொட்டகையும், அதன் கீழே போகிற ரயில் பாதையும் அதில் இருக்கின்றன. சுரங்கம் நம் நாட்டில் இல்லை, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில்.

மகள் அந்த மாநிலத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2024 கோடையில் அவளிடம் போயிருந்தபோது 'ஈஸ்ட் பிராட் டாப்' என்ற பழைய ரயிலைக் காட்ட அழைத்துப் போனாள். 1872-ல் வேலை தொடங்கி 1874-ல் சுரங்க ஊரான ராபர்ட்ஸ்டேலுக்குப் போய்ச் சேர்ந்த பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 914 மில்லிமீட்டர், அதாவது மூன்றடி. நம் ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். இது அதைவிட 86 மில்லிமீட்டர் குறுகலான நேரோ கேஜ்.

ஏன் குறுகலாகப் போட்டார்கள்? மலைப் பாதை. அகலம் குறைந்தால் வளைவுகளை நெருக்கமாக வளைக்கலாம், மலையைக் குறைவாக வெட்டலாம், செலவு குறையும். ஆனால் மிச்சம் பிடித்ததற்கு வேறோர் இடத்தில் விலை கொடுத்தார்கள். மவுண்ட் யூனியன் என்ற ஊரில் பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பெரிய கம்பெனியின் பாதை வந்து சேர்ந்தது. அது 1435 மில்லிமீட்டர். சின்ன வேகன் பெரிய பாதையில் போகாது. ஆகவே மலையிலிருந்து இறங்கிய கரியை அங்கே கொட்டிச் சுத்தம் செய்து பெரிய வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். பெரிய பாதையின் வேகன் சின்னப் பாதைக்குள் வர வேண்டுமென்றால், கிரேனால் தூக்கி, அடியிலுள்ள சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் சின்னச் சக்கரங்களை மாட்டினார்கள். பாதை போடும்போது ஒருமுறை மிச்சம், அதன்பிறகு தினமும் செலவு. ஒன்பதாம் வகுப்பில் வட்டிக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

இனி அளவு. நான் எடுத்துக்கொண்டது நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஆறடி மனிதன் ஒன்றரை அங்குலம் நிற்பான். அந்த ரயிலின் பிரதான பாதை 33 மைல், சுமார் 53 கிலோமீட்டர். முழுதாகச் செய்ய 1,100 மீட்டர் வேண்டும். எங்கள் தெருமுனையில் தொடங்கி கோயில் தெப்பக்குளத்தைத் தாண்டிப் போகும். இருப்பதோ பன்னிரண்டு அடிச் சுவர். நிஜத்தில் 576 அடி. அதனால் சுரங்க வாசல் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

மூன்றடியை நாற்பத்தெட்டால் வகுத்தால் 19 மில்லிமீட்டர் வரும். கடையில் எளிதாகக் கிடைக்கும் தண்டவாளம் பதினாறரை மில்லிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் குறைகிறது. "கணக்கு வாத்தியாரே இப்படிச் செய்யலாமா?" என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: தெரிந்தே ஏற்றுக்கொண்டதுதான். இன்ஜின் மகள் வாங்கித் தந்தது. மற்றதெல்லாம் கைவேலை.

சுரங்கத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் ஊதுபத்திக் குச்சி. கொட்டகை ஐஸ் குச்சியும் அட்டையும். தகரக் கூரைக்குச் சமையலறை அலுமினியத் தாளைச் சீப்பின் மேல் வைத்து அழுத்தினால் வரிவரியாக வந்துவிடும். மலை தெர்மக்கோல், அதன்மேல் பிளாஸ்டர். மண்ணுக்குக் காய்ந்த டீத்தூள். கரிக்குத் தெருவில் இஸ்திரி போடும் அண்ணாச்சியிடம் ஒரு பை வாங்கி இடித்து, டீ வடிகட்டியில் சலித்தேன். நிஜக் கொட்டகையிலும் இதேதான் நடக்கும். சுரங்கத்திலிருந்து வரும் தொட்டி வண்டிகள் மேலே ஏறிக் கரியைக் கவிழ்க்கும். சல்லடைகள் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரிக்கும். கீழே நிற்கும் வேகனில் விழும்.

"வட்டமாச் சுத்தாதா தாத்தா?" என்று பேரன் முகம் சுளித்தான். சுற்றாது. சுரங்க ரயில் வேடிக்கைக்கு ஓடுவதில்லை. இன்ஜின் காலி வேகன்களைக் கொட்டகைக்கு மேல்பக்கம் விட்டுவிட்டுப் போய்விடும். பிரேக்கைத் தளர்த்தினால் ஒவ்வொன்றாகத் தானே சரிவில் இறங்கிக் கொட்டகைக்கு அடியில் வந்து நின்று, நிரம்பி, கீழ்ப்பக்கம் போய்ச் சேரும். இதற்காகப் பலகையில் நூற்றுக்கு இரண்டு என்று சரிவு கொடுத்தேன். நான்கடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம். வேகனைத் தடுத்து நிறுத்த, பாதை நடுவே கீழிருந்து எழும்பும் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி.

இந்தச் சரிவு, கம்பி, வயர் எல்லாம் பலகைக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனி வயர் இழுத்து ஈயப்பற்று வைக்க வேண்டும். ஒரு பற்று விட்டுப்போனாலும் ரயில் அந்த இடத்தில் நின்றுவிடும். கிட்டத்தட்ட நான்கு மாதம் பாயை விரித்துப் பலகைக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். வீட்டில் அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்து, "நாலு மாசமா அடியில கிடக்கீங்க, மேல ஒண்ணையும் காணோமே" என்றாள்.

அந்த வாரம்தான், மகள் வாங்கி அனுப்பிய சுரங்க வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் 'டெட் ஒர்க்' என்ற சொல்லைப் படித்தேன்.

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் நெடுங்காலம் இருந்த வழக்கம் இது. கரி வெட்டுபவருக்கு நாள்கூலி இல்லை. எத்தனை டன் வெட்டி ஏற்றினாரோ அதற்குத்தான் கூலி. தொட்டி வண்டியில் அவர் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மாட்டி அனுப்புவார். மேலே எடை போடுகிறவர் வில்லையைப் பார்த்து அந்த எண்ணில் எடையை எழுதிக்கொள்வார். கல்லும் மண்ணும் கலந்திருந்தால் கழிவு. மண்வெட்டி, வெடிமருந்து, விளக்கு எண்ணெய் எல்லாம் தொழிலாளியின் கைக்காசு.

கரி தானாக வந்து விழாது. முதலில் கூரை இடிந்து விழாதபடி முட்டுக்கட்டை நிறுத்த வேண்டும். விழுந்த பாறையை அகற்ற வேண்டும். ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும். தொட்டி வண்டி வந்து போகத் தண்டவாளத் துண்டு போட வேண்டும். இவற்றுக்குப் பல இடங்களில் கூலியே கிடையாது. ஏனென்றால் அந்த வேலையில் ஒரு பவுண்டு கரிகூட மேலே வருவதில்லை. அதற்குத்தான் டெட் ஒர்க் என்று பெயர். செத்த வேலை! உயிரோடு வெளியே வர வைக்கிற வேலைக்கு இட்ட பெயரைப் பாருங்கள். அதற்கும் கூலி கொடு என்று கேட்டுத் தொழிற்சங்கங்கள் பல காலம் போராடின.

படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது பென்சில்வேனியா இல்லை, நம் பள்ளிக்கூடம்.

நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லை. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டையும் தாளும் வாங்கிவந்து வீட்டில் பெட்டி ஒட்டாத தெரு இருந்ததா? கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டிக்கு இவ்வளவு. நசுங்கியது, கோணலானது சேராது. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது கையைத் தூக்குகிற பிள்ளைகளின் விரலிடுக்கில் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும்.

1990-களில் ஒருநாள் பத்தாம் வகுப்பில் வேலையும் நேரமும் நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஒரு கணக்குச் சொல்லுங்கள் என்றேன். அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, அவள் அம்மா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். கரும்பலகைக்கு வந்தாள். பாதி எழுதிவிட்டுத் திரும்பி என்னைக் கேட்டாள்:

"சார், பசை காய்ச்சுற நேரத்தைச் சேர்க்கணுமா, வேண்டாமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பசை காய்ச்சும் நேரம், ஆபீஸுக்கு நடந்து போய்ச் சுமந்து வரும் நேரம், வெயிலில் உலர்த்தி எடுக்கும் நேரம். "சேர்த்தும் போடு, சேர்க்காமலும் போடு" என்றேன். இரண்டையும் போட்டாள். சேர்த்துப் போட்ட விடை மற்றதில் பாதிக்குச் சற்று மேலே வந்தது. அவள் சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

முப்பத்தேழு வருஷம் கணக்கு நடத்தினேன். டெட் ஒர்க் என்ற சொல் தெரியாமலேயே அதன் முழுப் பொருளையும் கரும்பலகையில் போட்டுக் காட்டியவள் அந்தப் பெண் ஒருத்திதான். அந்த அரையாண்டில் அவள் வாங்கிய மார்க் 41. முன்னேற்ற அறிக்கையில் 41 எழுத ஒரு கட்டம் இருந்தது. விடியற்காலை மூன்று குரோஸ் ஒட்டிவிட்டு வந்தாள் என்று எழுதக் கட்டம் இல்லை. மார்க் என்பது மேலே வந்த கரி. அதை எடை போடத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் 41-க்கு அடியில் எத்தனை முட்டுக்கட்டை இருக்கிறது என்பது எடைக்காரருக்குத் தெரியாது. உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக, மேலாளர்களாக, நாலு பேருக்குக் கூலி கொடுப்பவர்களாக இருக்கிறீர்கள். எடை எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

என் மாதிரியில் பதினான்கு தொட்டி வண்டிகள். ஓர் அங்குலப் பித்தளை வில்லை இந்த அளவில் அரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் சாவி செய்பவரிடம் பித்தளைத் தூள் வாங்கிவந்து, ஊசி முனையால் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறேன். சொன்னால்தான் தெரியும். இப்போது சொல்லிவிட்டேன்.

தங்கை மகனுக்குப் பதில் பாக்கி. அந்த ரயில் 1956 ஏப்ரலில் நின்றுபோனது. கரிக்குக் கிராக்கி குறைந்துவிட்டது. வாங்கியவர் நிக் கோவால்சிக், பழைய இரும்பு வியாபாரி. பெயர்த்து எடைக்குப் போடுவதுதான் அவர் தொழில். ஆனால் பிரதான பாதையையும் இன்ஜின்களையும் அவர் எடைக்குப் போடவில்லை. 1960-ல் ஊர் விழாவுக்காகக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார். 1964-ல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. நடுவில் 2011 முடிந்ததும் நின்று, 2020-ல் ஓர் அறக்கட்டளை கைக்கு வந்து, 1916-ல் செய்த 16-ஆம் எண் இன்ஜின் 2023-ல் மறுபடி புகைவிட்டது. பிரயோஜனம் என்ன என்று அந்த இரும்பு வியாபாரியை அன்று யாராவது கேட்டிருந்தால் அவரால் பதில் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

கடைசியாக ஒரு செய்தி. வருகிற ஜூனில் நானும் அம்மாவும் மகனோடு சென்னைக்குப் போகிறோம். அம்மாவுக்கு இனிமேல் இந்த மாடிப்படி ஆகாது. அந்த அடுக்குமாடி வீட்டில் பன்னிரண்டு அடிச் சுவர் ஒன்றுகூட இல்லை. மகன் அளந்து பார்த்துவிட்டான். அதனால் இந்தச் சுரங்கத்துக்கு ஓர் இடம் வேண்டும். மூன்று பலகை, ஒவ்வொன்றும் நான்கடிக்கு இரண்டடி. போல்ட்டைக் கழற்றினால் ஒரு லோடு ஆட்டோவில் போய்விடும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய பள்ளிக்கூடமோ நூலகமோ உங்கள் கையில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். காசு வேண்டாம். நானே வந்து மாட்டிக் கொடுத்துப் பழக்கிவிடுகிறேன்.

ஒரே நிபந்தனை. முதல் நாள் யாரும் ரயிலை ஓட்டக் கூடாது. பாயை விரித்துப் பலகைக்கு அடியில் படுக்க வேண்டும். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்