வில்லி லோமனின் சுவரில்லாத வீடு

ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' 1949இல் பிராட்வேயில் மேடையேறியபோது, மேடை வடிவமைப்பாளர் ஜோ மில்சினர் அமைத்த வீட்டுக்கு முழுச் சுவர்களே கிடையாது. நிகழ்காலக் காட்சிகளில் நடிகர்கள் சுவர் இருப்பதாகப் பாவித்து வாசல் வழியாகத்தான் வருவார்கள். நாயகனான விற்பனையாளர் வில்லி லோமனின் பழைய நினைவுகள் கிளம்பிவிட்டால், அதே சுவரை ஊடுருவி நடப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கேமராவுக்கு இது தலைவலி. அது நிஜ வீட்டைக் கேட்கும்.

1966இல் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக மில்லரே நாடகத்தைச் சுருக்கிக் கொடுத்தார். முதல் மேடையேற்றத்தில் வில்லியாக நடித்த லீ ஜே. காப், அவன் மனைவி லிண்டாவாக நடித்த மில்ட்ரெட் டனக் இருவரும் அதே வேடங்களுக்குத் திரும்பினார்கள். அரங்கின் கடைசி வரிசைவரை எட்டவேண்டிய முகங்கள் இப்போது குளோஸப்பில்!

1985இல் ஜெர்மன் இயக்குநர் ஃபோல்கர் ஷ்லோண்டார்ஃப் வேறு வழி பிடித்தார். டஸ்டின் ஹாஃப்மன் வில்லி, ஜான் மால்கோவிச் மகன் பிஃப். அரங்க அமைப்பை நிஜ வீடாகக் காட்ட அவர் மெனக்கெடவில்லை. ஒன்றோடொன்று சேராத சுவர்கள், இடைவெளியில் தெரியும் வெளி. நாடகத்தின் செயற்கைத்தன்மையை ஒளிக்காமல் விட்டதால், வில்லி கடந்தகாலத்துக்குள் நழுவுவது சின்னத்திரையிலும் உறுத்தவில்லை. ஹாஃப்மன், மால்கோவிச் இருவருக்குமே எம்மி விருது கிடைத்தது.