நண்டு பிடிக்கப் போறீங்களா? முதல்ல உங்க கையைப் பாருங்க

இது கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க டாக்டர்னு கேட்டா, "நண்டு பிடிப்பேன்"னு சொல்வேன். பாதிப் பேர் சிரிப்பாங்க. மீதிப் பேர், "முத்தாபுதுப்பேட்டையில ஏது சார் நண்டு?"ன்னு கேப்பாங்க.

நியாயமான கேள்விதான். எங்க பக்கம் ஏர்ஃபோர்ஸ் இருக்கு, சுத்துவட்டாரத்துல ஏரிங்க இருக்கு. கடல் இல்ல. வரப்பு வளைக்குள்ள கையை விட்டு வயல் நண்டு பிடிச்ச கதையை ஊர்ப் பெரியவங்க இன்னமும் சொல்வாங்க. அந்த வரப்பெல்லாம் இப்போ பிளாட் ஆகிடுச்சு.

நான் போறது பழவேற்காட்டுக்கு. செங்குன்றம், தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி வழியா விடியக்காலையில பைக்கை எடுத்தா வெளிச்சம் வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். நைட் டியூட்டியில பார்த்த முகங்களை மறக்க எனக்கு இது ஒரு வழி. தண்ணி, கயிறு, காத்திருக்கிறது. போன்ல சிக்னல் சரியா கிடைக்காதது கூடுதல் சந்தோஷம்.

இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஆரணியாறும் காளங்கியாறும் ஒரு பக்கம் நன்னீரைக் கொண்டு வந்து கொட்டும். இன்னொரு பக்கம் முகத்துவாரம் வழியா கடல் தண்ணி ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஏரித் தண்ணியில உப்பு குறைஞ்சிடும். மழை முடிஞ்சு உப்பு ஏற ஏற நீல நண்டு உள்ள வரும். சேத்துல வளை போட்டு வாழுற கனமான பச்சை நண்டு வேற. நான் சொல்ற நீல நண்டு நீந்தும். கடைசிக் கால் ஜோடி துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும், பார்த்தாலே தெரியும்.

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே டெக்னீஷியன் அண்ணன். பழவேற்காடு பக்கத்துல மீனவக் குடும்பத்துல பிறந்தவர். வேலை கிடைச்சு இந்தப் பக்கம் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. என்னை விட வயசுல ரொம்ப மூத்தவர். ஆனாலும் என்னை "சார்"னுதான் கூப்பிடுவார், நான் "அண்ணே"ன்னு கூப்பிடுவேன். ஏரிக்கரையில மட்டும் நாங்க ரெண்டு பேரும் இடம் மாறிடுவோம். அங்க அவர்தான் டாக்டர், நான் ஹவுஸ் சர்ஜன்.

கருவி ரொம்ப எளிமையானது. ரெண்டடி அகலத்துக்கு ஒரு இரும்பு வளையம், வெல்டிங் கடையில சொன்னா வளைச்சுக் கொடுத்துடுவாங்க. அதுல பழைய வலையைத் தொய்வா கட்டணும். நடுவுல மீன் தலையோ கோழிக் கழுத்தோ இறுக்கிக் கட்டணும். வளையத்துல மூணு பக்கமும் கயிறு கட்டி, அதை ஒரு நீளக் கயிறோட சேர்த்து, நுனியில ஒரு மிதவை. அவ்வளவுதான்.

தண்ணியில இறக்கினா வளையம் தரையில தட்டு மாதிரி படுத்துக்கும். நண்டு வாசனை பிடிச்சு வந்து நடுவுல உக்காந்து தின்னும். எந்தக் கதவும் கிடையாது, எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம். நாம தூக்கும்போதுதான் தட்டு கூடையா மாறும்.

அதனால தூக்குறதுலதான் எல்லாமே இருக்கு. "முதல் ஒரு முழம் வெடுக்குனு இழுக்கணும் சார். அப்புறம் நிக்காம ஒரே சீரா இழுக்கணும். நடுவுல நிறுத்தினீங்கன்னா அது நீந்திப் போயிடும்"னு அண்ணன் சொல்வார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்ப்போம். காலியா வந்தாலும் இரை குறைஞ்சிருந்தா நண்டு இருக்குன்னு அர்த்தம்.

பிடிச்ச நண்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. அடிவயித்துல ஒரு மடிப்பு இருக்கும். ஒல்லியா கூரா இருந்தா ஆண், அகலமா வட்டமா இருந்தா பெண். பளிச்சுனு நீலமா இருக்கிறது ஆண்தான். பெண் நண்டு பழுப்பு, பாசி நிறம். அந்த மடிப்புக்கு வெளியே பஞ்சு மாதிரி மஞ்சளாவோ கறுப்பாவோ பொதிஞ்சிருந்தா அது முட்டை. சினை நண்டு. லட்சக்கணக்கான முட்டைங்க அதுல இருக்கும்.

அடுத்தது, ஓட்டை அடிப்பக்கம் விரலால அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா சதை இருக்கு. அமுங்கினா இப்பத்தான் சட்டை உரிச்சிருக்குன்னு அர்த்தம், உள்ள தண்ணிதான் இருக்கும். அமாவாசை நண்டு கனம், பௌர்ணமி நண்டு சோடைன்னு ஊர்ல சொல்வாங்க. நான் காலண்டரைப் பார்க்கிறதில்ல, அழுத்தித்தான் பார்ப்பேன். டாக்டர் புத்தி!

இன்னொரு விஷயம். நண்டோட ரத்தம் சிவப்பு இல்ல. நமக்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது இரும்பு இருக்கிற ஹீமோகுளோபின். நண்டுக்கு அந்த வேலையைச் செய்யறது தாமிரம் இருக்கிற ஹீமோசயனின். ஆக்சிஜன் சேர்ந்தா லேசா நீல நிறம் வரும்.

என் பேட்ச்மேட் ஒருத்தன் ஆஸ்திரேலியாவுல பெர்த்துல இருக்கான். அங்க இதே வளையவலை வச்சு நீல நண்டு பிடிக்கிறது குடும்பத்தோட போற பொழுதுபோக்கு. பெர்த்துக்குத் தெற்கே மாண்டுராங்கிற ஊர்ல நண்டுக்குன்னே திருவிழா நடத்துறாங்க. ஆனா கையில ஒரு அளவுகோல் இல்லாம யாரும் தண்ணிக்குப் போறதில்லையாம். ஓட்டோட அகலம், முள் நுனியிலிருந்து முள் நுனி வரைக்கும் 127 மில்லிமீட்டர் இல்லைன்னா திரும்பத் தண்ணியில விட்டுடணும். சினை நண்டுன்னா எந்த அளவா இருந்தாலும் விடணும். ஒருத்தர் இத்தனைதான் எடுக்கலாம்னு கணக்கு உண்டு. மீறினா அபராதம்.

நம்ம கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கு. அது விசைப்படகுகளுக்கு. ஞாயித்துக்கிழமை கயிறும் வளையமும் தூக்கிட்டுப் போற என்னை மாதிரி ஆளுங்களை யாரும் அளவுகோல் வச்சு நிறுத்தப் போறதில்ல.

அதனால நாங்களே சில விதி வச்சிருக்கோம். சினை நண்டு, சின்ன நண்டு ரெண்டும் உடனே தண்ணிக்கு. ஒரு நாளைக்கு ஆறு நண்டுக்கு மேல எடுக்கக் கூடாது. இந்த ஆறுங்கிறது அண்ணன் சொன்ன எண். காரணம் கேட்டேன்.

"நமக்கு இது பொழுதுபோக்கு சார். அதோ பாருங்க, அவங்களுக்கு அடுப்பு"ன்னார்.

இடுப்பளவு தண்ணியில இருளர் பெண்கள் நாலு பேர் நின்னுட்டிருந்தாங்க. சேத்தைக் கையால துழாவித் துழாவி இறாலும் நண்டும் எடுத்துட்டிருந்தாங்க. கையில கருவி எதுவும் இல்ல. சம்பளம் வாங்குற நான் ஒரு கூடை நண்டைத் தூக்கிட்டுப் போனா அது யாரோட பங்குன்னு அதுக்கு மேல அவர் விளக்க வேண்டியிருக்கல.

பழவேற்காட்டு மீனவ ஊர்கள்ல யார், எந்த இடத்துல, எந்த நாள் வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்கிற "பாடு" வழக்கம் உண்டு. வெளியூர்க்காரங்க தெரியாம அதுக்குள்ள போய் நிக்கக் கூடாது. ஏரியில ஒரு பகுதி பறவைகள் சரணாலயமும்கூட. ஊர்க்காரர் துணையில்லாம போகாதீங்க. படகு ஆசையும் வேணாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்க உல்லாசப் பயணம் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தாங்க. நாங்க கரையோட சரி.

இப்போ இந்த த்ரெட்டை எழுத வச்ச விஷயத்துக்கு வர்றேன். அண்ணன்கிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதுறேன்.

போன வருஷம் பங்குனி மாசம் ஒரு ஞாயிறு. காலையில எட்டு மணி இருக்கும். வலையிலிருந்து நண்டை எடுக்கும்போது ஓட்டோட ஓரத்து முள் அண்ணனோட வலது கட்டைவிரல்ல ஏறிடுச்சு. கடிகூட இல்ல, வெறும் முள் குத்து. ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சு. அவர் விரலை ஏரித் தண்ணியில அலசிட்டு அடுத்த வளையத்துக்குப் போயிட்டார்.

அவருக்குப் பத்து வருஷமா சர்க்கரை நோய். அப்போ ஹெச்பிஏ1சி 9.8. நான் விடல. குடிக்க வச்சிருந்த ரெண்டு பாட்டில் தண்ணியையும் காலி பண்ணிக் கழுவி விட்டேன். திரும்பி வர்ற வழியில டிடி ஊசி போட்டோம். மதியம் விரலைச் சுத்தி லேசா சிவந்திருந்துச்சு. சிவப்போட எல்லையில பேனாவால கோடு போட்டுட்டு, "இதைத் தாண்டினா எனக்குப் போன் பண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு சொன்னேன்.

சாயங்காலம் ஏழு மணி போட்டோவுல சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்துச்சு. போன்ல அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துச்சு. "பார்க்க ஒண்ணும் பெருசா இல்ல சார். ஆனா வலி மட்டும் உயிர் போகுது."

நண்பர்களே, காயம் சின்னதா இருந்து வலி அதுக்குப் பொருந்தாத அளவு பெருசா இருந்தா, தோலுக்கு அடியில கிருமி வேகமா பரவுதுன்னு சந்தேகப்படணும்.

அரை மணி நேரத்துல அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒன்பது மணிக்குள்ள மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, கத்தரிப்பூ நிறத்துல ஒரு கொப்புளம். அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நண்டு முள்ளு குத்தினதுக்கு யாராச்சும் ஐசியூவுல போடுவாங்களா தம்பி? உண்மையைச் சொல்லு"ன்னாங்க. கை போகலாம், உயிரும் போகலாம்னு சொன்னேன். பொய் சொல்ல வாய் வரல.

அன்னைக்கு ராத்திரியே சர்ஜன் கையைத் திறந்து செத்த தசையை எடுத்துட்டார். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை தியேட்டர். கல்ச்சர்ல வந்த கிருமி விப்ரியோ வல்னிஃபிகஸ். காலரா கிருமியோட சொந்தக்காரன். வெதுவெதுப்பான கடல் தண்ணியிலயும் உவர் தண்ணியிலயும் இயல்பா வாழுறது. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு இது வர்றது அபூர்வம். ஆனா கல்லீரல் கெட்டுப் போனவங்க, தினமும் குடிக்கிறவங்க, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க உடம்புல நுழைஞ்சா மணிக்கணக்குல பரவும். இந்தத் தொற்று வந்தவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தர் இறந்துடுறாங்க.

அண்ணன் பிழைச்சார். கையும் தப்பிச்சுது. கட்டைவிரல் மட்டும் முழுசா மடங்காது. பிலிம் மாட்டுறதுக்கு, பட்டன் போடுறதுக்கெல்லாம் பழகிக்கிட்டார். இரை கட்டுற முடிச்சுதான் அவருக்கு இன்னும் வரல. அதை இப்போ நான் கட்டுறேன், அவர் பக்கத்துல உக்காந்து குறை சொல்றார்.

ஆமா, மறுபடி போறோம். ஆறு மாசம் கழிச்சு அண்ணி ரெண்டு நிபந்தனையோட விட்டாங்க. சர்க்கரை இறங்கணும், வெறுங்கையால நண்டைத் தொடக் கூடாது. ஹெச்பிஏ1சி இப்போ 7.1. எத்தனை வருஷம் நான் சொல்லியும் இறங்காதது ஒரு நண்டு சொன்னதும் இறங்கிடுச்சு!

நீங்க கடற்கரையிலயோ ஏரியிலயோ நண்டு பிடிக்கிறவரா, மீன் மார்க்கெட்ல வேலை செய்யறவரா, வீட்டுல நண்டு சுத்தம் பண்றவரா இருந்தா இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

கையில, கால்ல ஆறாத புண் இருந்தா உப்புத் தண்ணியில இறங்காதீங்க. தடிமனான ரப்பர் கையுறை போடுங்க. வெறுங்காலோட சேத்துல நடக்காதீங்க. முள் குத்தினா குழாய்த் தண்ணியும் சோப்பும் போட்டு நல்லா கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வேணாம். டிடி ஊசி போட்டுக்கோங்க. சிவப்பைச் சுத்திப் பேனாவால கோடு போடுங்க. கோட்டைத் தாண்டினா, காய்ச்சல் வந்தா, கொப்புளம் வந்தா, வலி அளவுக்கு மீறினா அன்னைக்கே ஆஸ்பத்திரி. "உப்புத் தண்ணியில நண்டு முள் குத்துச்சு"ன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அந்த ஒரு வரியில மருந்தே மாறலாம்.

அடுத்து சாப்பிடுறவங்களுக்கு.

நண்டுச் சதையில 100 கிராமுக்கு ஏறக்குறைய 18 கிராம் புரதம் இருக்கு, கொழுப்பு ரொம்பக் குறைவு. நல்ல உணவு. செத்து ரொம்ப நேரம் ஆன, நாத்தம் வர்ற நண்டை மட்டும் மலிவா கிடைக்குதுன்னு வாங்காதீங்க. நல்லா வேகவைங்க. முக்கியமா நன்னீர் நண்டை. அரைகுறையா சுட்டுத் தின்னா நுரையீரல் புழு வரும். மணிப்பூர், நாகாலாந்து பக்கம் ரத்தம் கலந்த சளியோட வர்றவங்கள்ல சிலருக்கு காசநோய்னு மருந்து கொடுத்து, கடைசியில அது இந்தப் புழுன்னு தெரிஞ்சிருக்கு.

சளிக்கு நண்டு ரசம்? தாராளமா குடிங்க. மிளகும் சூடும் மூக்கைத் திறந்து விடும், தொண்டைக்கு இதமா இருக்கும். ஆனா அது ஆஸ்துமாவுக்கு மருந்து இல்ல. இன்ஹேலரை நிறுத்திட்டு நண்டு ரசம் குடிக்காதீங்க.

இறாலோ நண்டோ சாப்பிட்டு உடம்பு தடிச்சது, உதடு வீங்கினதுன்னா அது அலர்ஜி. அதுக்குக் காரணமான புரதம் வேகவச்சாலும் அழியாது. அடுத்த தடவை மூச்சே அடைக்கலாம். அந்த நேரம் தேவைப்படுறது அட்ரினலின் ஊசி. எலுமிச்சை ஜூஸ் உதவாது. 108-க்குப் போன் பண்ணுங்க.

நண்டு பிடிக்கப் போங்க, வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். பசங்களையும் கூட்டிட்டுப் போங்க. சினை நண்டை அவங்க கையாலயே தண்ணியில விடச் சொல்லுங்க, கையுறையோட. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சர்க்கரை பார்த்துட்டுப் போங்க. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே பார்ப்பாங்க.

உங்க வீட்டுலயும் தெருவுலயும் மீன், நண்டு வேலை செய்யற, சர்க்கரை இருக்கிற யாராச்சும் ஒருத்தர் இருப்பார். இந்த த்ரெட்டை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.



அரசு மருத்துவர், முத்தாபுதுப்பேட்டை