எந்தப் பக்கமடா?

1990இல் ரொறொன்ரோவுக்கு வந்த எனக்கு முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. அண்ணாதான் எடுத்துத் தந்தார். அதே குசினியில் அவர் மரக்கறி வெட்டினார். தட்டொன்றின் மேல் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு ரேடியோ. கோடை முழுக்க அதில் ரொம் சீக்கின் குரல். ப்ளூ ஜேய்ஸ் அணியின் ஆட்டங்களை 1977இலிருந்து ஒன்றுகூட விடாமல் வர்ணித்தவர். 2004இல் தகப்பன் இறந்தபோதுதான் முதன்முறையாக வராமல் நின்றார். அதற்குள் 4306 ஆட்டங்கள்.

எங்களுக்கு பேஸ்போல் தெரியாது. ஆங்கிலமும் மட்டுமட்டு. பந்து எந்தப் பக்கம் போகிறது, யார் ஓடுகிறான், எவன் வழுக்கி விழுந்தான் என்று அவர் சொல்லச் சொல்ல இரண்டும் சேர்ந்தே பிடிபட்டன. 1993 ஒக்டோபரில் ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்பக்க மதிலுக்கு அப்பால் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். அண்ணா கையில் கத்தியோடு துள்ளினார். எதற்கும் ஏசுகிற முதலாளி அன்றைக்கு ஏசவில்லை.

பிறகு நீரிழிவில் அண்ணாவின் பார்வை போய்விட்டது. ஆட்டம் கேட்பதை மட்டும் அவர் விடவில்லை.

2021, பெருந்தொற்றுக் காலம். அணியே ஜூலை கடைசிவரை எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில் விளையாடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் வானொலிக்கென்று இருந்த தனி வர்ணனையை நிறுத்தி, தொலைக்காட்சியின் ஒலியையே வானொலியிலும் விட்டார்கள். தொலைக்காட்சி வர்ணனையாளரைக் குறை சொல்ல முடியாது. படம் ஓடும்போது வாயை மூடத் தெரிந்தவர்தான் அங்கே கெட்டிக்காரர். ஆனால் மட்டையில் பந்து படும் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், பிறகு மௌனம். அண்ணா என் பக்கம் திரும்புவார்.

“பிடிச்சிட்டானோ?”

ரேடியோவை நிறுத்திவிட்டு, ரீவியைப் போட்டு நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். முப்பது வருடம் கேட்டும் எனக்கு அந்தக் கலை வரவில்லை.

“அடிச்சிட்டான்... போகுது... போகுது...”

“எந்தப் பக்கமடா?”

அதைச் சொல்வதற்குள் பந்து பிடிபட்டிருக்கும்.

அடுத்த வருடம் தனி வர்ணனை திரும்பி வந்தது. ஆனால் வெளியூர் ஆட்டங்கள் பலவற்றை ரொறொன்ரோவில் இருந்தபடி, திரையைப் பார்த்தே வர்ணித்தார்கள். நான் இதை அண்ணாவிடம் சொல்லவில்லை. இரண்டாம் இரவே கண்டுபிடித்துவிட்டார்.

“இவரும் உன்னை மாதிரித்தானடா. ரீவி பாத்துச் சொல்லுறார்.”

கொஞ்சம் யோசித்தார்.

“பரவாயில்லை, உன்னைவிடத் திறம். சத்தத்தைக் கூட்டு.”