நல்ல நம்பர்!

என் சிநேகிதனுக்கு எச்.ஐ.வி. என்று 2006-ல் தெரிந்தது. லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது நான். சிடி4 என்கிற வெள்ளை அணுவை எண்ணிப் பார்த்தார்கள். 310.

"200-க்குக் கீழே இறங்கினா மருந்து தருவோம். ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அன்றைய விதி அப்படி. இவனுக்கோ பரீட்சையில் பாஸான சந்தோஷம்! வாசல் கடையில் எனக்கு ஸ்ட்ராங்காக ஒரு காபி வாங்கிக் கொடுத்தான். அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 2008-ல் டி.பி. வந்து தூக்கிக்கொண்டு ஓடியபோது சிடி4 நாற்பதுதான். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் வாரம் போய்விட்டான்.

2019-ல் ஒரு ராத்திரி தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..."

இரண்டு மாதம் முன்பு அவனுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பெல்லாம் தடிப்பு. ஏதோ வைரல் ஃபீவர் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தவள் என் மனைவிதான். வைரஸ் குடியேறிய புதிதில் அப்படித்தான் வருமாம். யார் கண்டது?

இவனுக்கு சிடி4 640. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுபடியும் நல்ல நம்பர்! "இவனையும் திருப்பி அனுப்பிடாதீங்கம்மா" என்று கவுன்சலரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "எந்தக் காலத்துல சார் இருக்கீங்க? 2017-லேயே அந்த விதியை எடுத்தாச்சு. நம்பர் எதுவானாலும் மருந்து உண்டு."

'ஸ்டார்ட்' என்று ஓர் ஆராய்ச்சியாம். 35 நாடுகள், நாலாயிரத்துச் சொச்சம் பேர். 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்து தொடங்கியவர்களுக்குப் பெரிய வியாதியும் சாவும், காத்திருந்தவர்களில் பாதிகூட இல்லை என்று 2015-ல் தெரிந்ததாம். என் சிநேகிதன் போய் ஏழு வருஷம் கழித்து!

இவனுக்கு ராத்திரிக்கு ஒரே மாத்திரை, இலவசம். ஆயுசுக்கும் விடக்கூடாது. ஆரம்பத்தில், "கலர் கலரா கனவு வருது பெரியப்பா" என்றான். "டிக்கெட் இல்லாம சினிமா, பாருடா" என்றேன். பிறகு மாத்திரையை மாற்றினார்கள், கனவும் நின்றது. ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. மாத்திரையை விடாமல் அது அப்படியே இருக்கிறவரை, உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது.

இப்போது தம்பி வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டுத்தான் கல்யாணம்" என்கிறான். சரி. அதற்கு முன் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே? "நீங்க சொல்லுங்க" என்கிறான் அவன். "நீ சொல்லுடா" என்கிறேன் நான்.