அனுமதிப்பத்திரத்துக்கும் ஒரு முடிவுத் திகதி

மருந்துப் போத்தல் வாங்கும்போது திகதி பார்க்கிறோம். பால்மாப் பெட்டியைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். ஆனால் எமது கண்ணைப் பரிசோதிப்பவர் கடைசியாக எப்போது படித்தார் என்று நாம் கேட்பதில்லை. "படித்தவர்தானே" என்று நம்பிக் கதிரையில் அமர்ந்துவிடுகிறோம்.

இது பற்றி என்னை யோசிக்க வைத்தவர் எனது ஒன்றுவிட்ட அக்கா. லண்டனில் ஒப்ரோமெற்றிஸ்ற்றாக வேலை செய்கிறார். அதாவது, பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர். நோய்க்குறி தென்பட்டால் கண் வைத்தியரிடம் அனுப்பி வைப்பவர். போன வருடம் விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து நின்றபோதும், எல்லோரும் படுத்த பின்னர் மடிக்கணினியைத் திறந்து விரிவுரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இந்த வயசிலையும் சோதினையோ?" என்று கேட்டேன்.

"சோதினை இல்லையடி, புள்ளி சேர்க்கிறன். சேர்க்காட்டிப் பதிவிலை பேர் இராது. பேர் இல்லாட்டி ஒருத்தற்றை கண்ணையும் பார்க்கேலாது."

பிரித்தானியாவில் இத்தொழிலை ஒழுங்குபடுத்துவது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட ஜெனரல் ஒப்ரிகல் கவுன்சில். அங்கு பயிற்சி மாணவர் தவிர்ந்த எவரும், பதிவு பெற்ற ஒப்ரோமெற்றிஸ்ற்றாகவோ வைத்தியராகவோ இல்லாமல் பார்வைப் பரிசோதனை செய்ய முடியாது. பதிவை ஒவ்வொரு வருடமும் மார்ச் 31க்கு முன்னர் புதுப்பிக்க வேண்டும். தொழில் காப்புறுதி உண்டா, குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா என்பதையும் அப்போது எழுதிக் கொடுக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு முதல் தொடர்கல்வியும் கட்டாயமாக்கப்பட்டது. 3 வருடங்களுக்குள் 36 புள்ளிகள் பெற வேண்டும். அவற்றில் பாதியாவது மற்றவர்களுடன் கலந்து பேசிக் கற்றதாக இருக்க வேண்டும். தனியே இருந்து வாசித்தால் மட்டும் போதாது. 2022இல் இம்முறை மேலும் மாற்றப்பட்டது. மருத்துவ அறிவு மட்டுமல்ல, தொழில் ஒழுக்கம், தொடர்பாடல், தலைமைத்துவமும் பொறுப்புக்கூறலும் ஆகியவற்றிலும் கற்க வேண்டும். தனக்கு எதில் குறை இருக்கிறது என்று தானே திட்டமிட்டு எழுதவும் வேண்டும். பதிவேட்டில் ஒருவரின் பெயர் இருக்கிறதா என்பதைப் பொதுமக்கள் எவரும் தேடிப் பார்க்கலாம்.

எனக்கு முதலில் இது ஒரு கொடுமையாகவே பட்டது. வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, வெளி வேலை என்று சுமக்கும் பெண்ணின் தலையில் இன்னொரு சுமை. அக்காவும் மறுக்கவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்த வருடத்தில், பால் கொடுத்துக்கொண்டே பாடம் கேட்டதாகச் சொன்னார். ஆனால் அடுத்து அவர் சொன்ன விடயம் என் எண்ணத்தை மாற்றியது.

தூரப் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கு, வேண்டிய அளவைவிடச் சற்றுக் குறைந்த பவரில் கண்ணாடி கொடுக்கும் வழக்கம் முன்பு பலரிடம் இருந்தது. அப்படிக் கொடுத்தால் குறைபாடு மெதுவாகத்தான் கூடும் என்று நம்பினார்கள். மலேசியப் பிள்ளைகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. குறைந்த பவரில் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்குத்தான் குறைபாடு கூடுதலாக வளர்ந்திருந்தது. அவ்வாறு கண்ணாடி கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் கற்றது பழசாகிப் போயிருந்தது. அதற்கு விலை கொடுத்தது பிள்ளையின் கண்.

இதைக் கேட்டபோது எமது ஊர்ப் பெண்கள் என் நினைவில் வந்தார்கள். நான் சந்திக்கும் குழுக்களில் பலர் "கண் கலங்கலாய்க் கிடக்கு, வயசு போகுதுதானே" என்று சொல்லிவிட்டு விடயத்தை முடித்துவிடுவார்கள். யுத்தம் 2009இல் முடிந்தது. கண்ணில் பட்ட அடி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. கல்லோ மரக்குற்றியோ கண்ணில் பலமாக மோதியிருந்தால், கண்ணுக்குள் ஊறும் நீர் வடிந்து போகும் வழி பழுதடைந்திருக்கலாம். அதனால் பல வருடங்கள் கழித்தும் கண்ணின் அழுத்தம் கூடலாம். பெரும்பாலும் நோவு இராது. பக்கப் பார்வை மெல்ல மெல்லச் சுருங்கும். போன பார்வை திரும்பி வராது. நேரத்துக்குக் கண்டுபிடித்தால், துளி மருந்தினாலோ வேறு சிகிச்சையினாலோ மிச்சப் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு. கண்ணுக்குள் இரும்புத் துண்டு தங்கியிருந்தால் அது துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கலாம். அப்படியானவரை எம்.ஆர்.ஐ இயந்திரத்துக்குள் விட்டால், அதன் காந்தம் துண்டை அசைத்துவிடக்கூடும்.

எனவே எம்மைப் பரிசோதிப்பவர், "முன்னர் கண்ணில் அடிபட்டதா?" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை விற்றால், அழுத்தம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். கேள்வி கேட்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனாலும் எமது சமூகத்தில் படித்தவரைக் கேள்வி கேட்கும் பெண்ணுக்கு "வாய்க்காரி" என்று பெயர். அக்கா பணியும் விதிகளை இப்போது நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். எங்களைப் போன்றவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே சட்டம் கேட்கிறது. சட்டம் எப்படி இருந்தாலும், நாமும் கேட்டுப் பழக வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் இவற்றைப் பேசினோம். அங்கிருந்த ஓர் அம்மா, பதுங்குகுழி இடிந்தபோது வலது கண்ணில் மரக்குற்றி அடித்ததைப் பற்றி இதுவரை எவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். இரண்டு தடவை கண்ணாடி மாற்றியிருந்தார். அடுத்த கிளினிக்கில் அவராகவே அதைச் சொன்னார். அழுத்தத்தை அளந்து பார்த்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது ஒவ்வொரு இரவும் பேத்தி துளி மருந்து விடுகிறாள்.

சகோதரிகளே, அடுத்த முறை கண் காட்டப் போகும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். எங்கே படித்தீர்கள்? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், அது எந்தத் திகதி வரைக்கும்? என் கண் அழுத்தத்தை அளந்தீர்களா? அடிபட்டது, உடம்பில் துண்டு இருப்பது, சீனி வருத்தம் ஆகியவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். நன்றாகக் கற்றவர் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.